மாடு இல்லாத வண்டியைத் தேடிய பையன்
ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிறது கிணத்துக்கடவு. பொன்மலை வேலாயுதசாமி கோவில் உள்ள ஊர். தக்காளிச் சந்தைக்கும் பேர் பெற்றது.

சாயங்கால வேளையில் அந்தச் சாலை ஓரம் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். சின்னக் கார் ஒன்று வரும். சத்தமோ லாரிச் சத்தம்! வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, வேறு குழாய் மாட்டியிருப்பார்கள். ஓட்டுகிற வாலிபருக்கு அதில் ஒரு பெருமை. திண்ணையில் இருக்கும் பாட்டிக்குத்தான் தலைவலி.

மோட்டார் மீது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசை இன்று நேற்று வந்தது அல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பையனை அது ஆட்டிப் படைத்தது. அவர்தான் ஜி.டி. நாயுடு.

படிப்பு ஏறவில்லை

சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயார் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடி வந்த பிள்ளை என்று சொல்வார்கள். படிப்பு ஆரம்ப வகுப்போடு நின்றது. தோட்ட வேலைக்குப் போனார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது! பையன் அசந்து போனான். அது எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை.

கையில் காசு இல்லை. கோயமுத்தூருக்கு நடந்தார். ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார். ஒவ்வொரு காசாகச் சேர்த்தார். வருஷங்கள் ஓடின. கடைசியில் அந்த அதிகாரியிடமே போய், அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிவிட்டார். கொடுத்த விலை 300 ரூபாய் என்பார்கள். அந்தக் காலத்தில் அது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய சொத்து.

வாங்கியவர் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. மூலைக்கு மூலை கழற்றிப் போட்டார்! பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். ஒரு ஆணி மிச்சமானாலும் வண்டி ஓடாது. சேர்த்த காசும் போச்சு. ஆனால் வண்டி ஓடியது. மெக்கானிக் ஆனார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

வாசகர்களே, அந்த சைலன்சரையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்ததும், சூடான புகை வேகமாக வெளியே பாய்கிறது. பாயும்போதெல்லாம் ஒரு வெடிச் சத்தம். சைலன்சருக்குள் சிறு அறைகளும், ஓட்டை போட்ட குழாய்களும் இருக்கின்றன. புகை அவற்றில் சுற்றி வருவதற்குள் சத்தம் அடங்கிவிடும். அகலமான குழாய் போட்டால் கனத்த சத்தம் வரும். சைலன்சரையே எடுத்துவிட்டால் காது கிழியும். ஆனால் சத்தம் ஏறியதற்காக எஞ்சினின் பலம் ஏறிவிடாது. சைலன்சர் இல்லாமல் ஓட்டுவது மோட்டார் வாகன விதிப்படி குற்றமும்கூட.

பஸ் முதலாளி

நடுவிலே பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்து, கைப்பணத்தை இழந்து திரும்பினார். மனம் தளரவில்லை. 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. அந்த ஒரு வண்டி பெருகி, யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. பஸ் குறித்த நேரத்தில் வரவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். எஞ்சினின் அதிர்வைச் சோதித்து, கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் செய்தார். மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல். அவருக்கு அது எஞ்சின் சொல்லும் சேதி!

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். நம் நாட்டில் செய்த முதல் மோட்டார் அது. பிறகு சவர மெஷின், பழச்சாறு பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று வரிசையாக வந்தன. 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி உருவாகவும் அவரே காரணம். பல வருஷப் படிப்பைக் குறைந்த காலத்தில் முடிக்கலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்பவில்லை. அவர் விலகிவிட்டார்.

2,000 ரூபாய்க்குக் கார்

1952-ல் அவர் செய்ததுதான் சின்னக் கார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்! பணக்காரர்கள் மட்டுமே கார் வைத்திருந்த காலம் அது. வாத்தியாரும், கடைக்காரரும் காரில் போயிருப்பார்கள். ஆனால் தயாரிக்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. கார் தெருவுக்கு வராமலே போயிற்று. அவர் வாழ்க்கையில் நம் மனத்தை உறுத்துவது இதுதான். ஓட்டலில் இலை போட்டுச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கியவருக்கு, காசில்லாதவனின் ஆசை தெரியாதா?

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். அவர் செய்த பொருள்களைக் கோவை அவிநாசி ரோட்டிலுள்ள காட்சிசாலையில் இன்றும் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அதே ரோட்டின் மேலே, 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.