மலாயா கணபதி: ரவாங் தோட்டத்தில் கைதான தமிழரை இந்தியாவால் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

வட சிலாங்கூரில் ராசா ஸ்டேஷனில் ரயில் ஏறி கோலாலம்பூர் பக்கம் வந்தால், பத்தாங் காளி, செரண்டா தாண்டி ரவாங் வரும். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டங்கள்தான். ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் 1949 மார்ச் 1-ஆம் தேதி எஸ்.ஏ.கணபதி கைதானார். அடுத்த இரண்டே மாதத்தில் அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

அவர் எந்த நாட்டுக்காரர்? அவர் உயிரைக் காப்பாற்றும் அதிகாரம் யார் கையில் இருந்தது?

யார் இந்த கணபதி?

தஞ்சாவூர் மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே சிங்கப்பூர் வந்துவிட்டார். போர்க்காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி கொடுப்பவராக இருந்தார்.

போர் முடிந்ததும் தொழிற்சங்கப் பணியில் இறங்கி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். கம்யூனிஸ்ட் கட்சிக்கு நெருக்கமான இந்தச் சம்மேளனத்தில் சீனத் தொழிலாளர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் ஒன்றாக நின்றார்கள்.

வழக்கு என்ன?

1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவை அரசு ரத்து செய்தது. அதே மாதம் 18-ஆம் தேதி மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்று விதி கொண்டுவரப்பட்டது.

கணபதியிடம் ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும் இருந்ததாக வழக்கு. அதைப் போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனதாக அவர் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை.

எந்த நாட்டுக்காரர்?

இங்கேதான் சிக்கலே. 1948-ல் உருவான மலாயா கூட்டரசில், வெளியே பிறந்தவர் குடியுரிமை கேட்க குறைந்தது 15 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலானவர்களுக்கு அது எட்டாத தூரம்.

சரி, இந்தியக் குடிமகனா? யார் இந்தியக் குடிமகன் என்று சொல்லும் அரசியல் சட்டம் 1949 நவம்பரில்தான் நிறைவேறியது. அதாவது, இரண்டு நாடுமே தன் குடிமக்கள் யார் என்று வரையறுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அதிகாரம் யாரிடம்?

நேரு அரசு தலையிட்டது. மலாயாவில் இந்தியாவின் பிரதிநிதி ஜான் திவி. லண்டனில் தூதர் வி.கே.கிருஷ்ண மேனன். இருவரும் தண்டனையைக் குறைக்க முயன்றார்கள்.

ஆனா, சிலாங்கூர் சட்டப்படி பிரிட்டிஷ் காலனி கிடையாது. பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தான் ஆட்சி. மன்னிக்கும் அதிகாரம் சுல்தானுடையது. நிர்வாகம் நடத்தியதோ பிரிட்டிஷார். கருணை மனு ஏற்கப்படவில்லை.

1949 ஏப்ரல் 28-ஆம் தேதி, குடியரசானாலும் இந்தியா காமன்வெல்த்தில் தொடரலாம் என்று லண்டனில் முடிவானது. அதற்கு ஆறு நாள் கழித்து, மே 4-ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார்.

பிறகு?

ஜொகூரில் இதேபோன்ற ஆயுத வழக்கில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவத்தின் மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-ல் தண்டனை ரத்தாகி அவர் பிழைத்தார்.

1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதி மலாயா சுதந்திரம் பெற்றது. அன்றைய அரசியல் சட்டப்படி, அதன்பின் அங்கே பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். லயத்தில் பிறந்த பிள்ளைக்கும் அதுதான். அதே மண்ணில் கைதான கணபதிக்கு, தன் ஆள் என்று சொல்லி மீட்கும் உரிமையுள்ள நாடு எதுவும் இருக்கவில்லை.