ஐந்தாம் இடத்தில் ஓடி முடித்தவர்

மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்தால், பன்விலவிலும் கண்டியைச் சுற்றியுள்ள பாடசாலைகளிலும் ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். நன்றாக ஓடும் பிள்ளை தன் தனி நிகழ்ச்சியில் முழு வேகத்தையும் காட்டுவதா, இல்லத்தின் அஞ்சலோட்டத்துக்காகக் கால்களைக் காத்துவைப்பதா? இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறியவர்கள் நம்மில் பலர்.

ஓட்டம் என்றதும் கண்டியில் நினைவுக்கு வருபவர், திரித்துவக் கல்லூரியில் படித்து, 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற். அதற்கு 20 ஆண்டுகள் முன்பு, 1928இல், ஆம்ஸ்ரர்டாம் நகரில்தான் ஒலிம்பிக் ஓட்டப்பாதையில் பெண்கள் முதன்முதலாக இறங்கினார்கள். அன்று கனடாவுக்காக ஓடியவர் பொபி ரோசன்ஃபெல்ட்.

இவருடைய இயற்பெயர் ஃபனி. அன்றைய ரஷ்யப் பேரரசில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, கைக்குழந்தையாகவே பெற்றோருடன் கனடாவின் பாரி என்னும் சிற்றூருக்கு வந்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதால் பொபி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாடசாலை நாட்களிலேயே எல்லா விளையாட்டுகளிலும் கெட்டிக்காரி. பின்னர் ரொறன்ரோவில் ஒரு சொக்லற் தொழிற்சாலையில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தார். 1923இல் ஓர் ஊர் விழாவில் சும்மா ஓடிப்பார்த்தபோது, நாட்டின் சம்பியனையே முந்திவிட்டார்.

வெல்லும் ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. ஆம்ஸ்ரர்டாமில் 100 மீற்றர் ஓட்டத்தில் அமெரிக்காவின் பெட்டி ரொபின்சனுக்கு மயிரிழையில் பின்தங்கி வெள்ளி பெற்றார். அடுத்து வந்தது 800 மீற்றர். அது அவர் பயிற்சி செய்த தூரமே அல்ல. அணியின் நம்பிக்கை 17 வயதுச் சிறுமி ஜீன் தொம்சன் மீதுதான் இருந்தது. அவளோ பயிற்சியில் காலில் அடிபட்டிருந்தாள். அவளுக்குத் துணையாகவே பொபியை ஓட்டத்தில் சேர்த்தார்கள்.

ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையுடன் வென்றார். பின்னால், கடைசிச் சுற்றில், ஜீன் தளர்ந்துகொண்டிருந்தாள். பின்வரிசையிலிருந்து முன்னேறி வந்த பொபி அவளருகில் வந்ததும் தாண்டிப் போகவில்லை. பக்கத்திலேயே ஓடி, தைரியம் கொடுத்து, இறுதிக் கோடுவரை கூட்டிப்போனார். ஜீன் நான்காம் இடம். பொபி ஐந்தாம் இடம். முந்தியிருக்கக்கூடிய பெண் முந்தாமல் விட்டாள் என்றே பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சில நாட்களில் 4 தர 100 மீற்றர் அஞ்சலோட்டம். ஏற்கெனவே 100 மீற்றர் இறுதிப் போட்டியில் இருமுறை முந்திப் புறப்பட்டதால் நீக்கப்பட்டு, கண்ணீருடன் வெளியேறியிருந்தார் மேர்ட்டில் குக். அவரே கடைசிக் கட்டத்தை ஓட வேண்டியவர். முதற்கட்டத்தை ஓடினார் பொபி. கோல் நான்கு கைகள் மாறியது, 48.4 செக்கனில் உலக சாதனையும் தங்கமும் கிடைத்தன. அழுதவரும் அன்று சிரித்தார்.

மறு ஆண்டே மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மாதக்கணக்கில் கிடந்து, ஊன்றுகோலுடன் நடந்து, மீண்டும் மைதானத்துக்கு வந்தார். 1933இல் நோய் முற்றாக நிறுத்தியபின் பேனாவை எடுத்தார். ரொறன்ரோ நாளிதழில் 20 ஆண்டளவு விளையாட்டுப் பத்தி எழுதி, பெண் பிள்ளைகள் ஓடுவதற்காக வாதாடினார். அந்த 800 மீற்றர் ஓட்டம் பெண்களின் உடலுக்கு ஆகாதென்று நீக்கப்பட்டு, 1960இல்தான் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. 1950இல் அரை நூற்றாண்டின் சிறந்த கனடிய வீராங்கனையாகத் தெரிவான அவர், 1969இல் காலமானார்.

100 மீற்றரில் தனக்காக ஓடினார். 800 மீற்றரில் ஜீனுக்காக ஓடினார். அஞ்சலோட்டத்தில் நால்வருக்காக ஓடினார். ஆசையை அவர் கைவிடவில்லை; எந்த ஓட்டம் யாருக்குரியது என்று அறிந்திருந்தார். எங்கெங்கோ வாழும் நம் சகோதரிகள், ஓட ஆயத்தமாகும் தம் பெண் பிள்ளைகளுக்கு அவரது பதக்கங்களோடு அந்த ஐந்தாம் இடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.