முதுபெரும் தலைவர் தாதாபாய் நவரோஜி

பம்பாய் நகரில் 1825-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், எளிய பார்சிக் குடும்பம் ஒன்றில் தாதாபாய் நவரோஜி பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். எழுத்தறியாத அன்னை மாணேக்பாய், வறுமையைப் பொருட்படுத்தாது மகனைப் படிக்க வைத்தார். கட்டணமின்றிக் கற்பித்த பள்ளியில் பயின்ற அச்சிறுவர், பிற்காலத்தில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கினார்.

1855-ஆம் ஆண்டு, காமா வணிக நிலையத்தின் பங்காளியாக அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். அந்நிலையம் அபினியும் மதுவும் விற்று ஊதியம் ஈட்டியது. பிறரைக் கெடுக்கும் பொருளால் வரும் செல்வம் தமக்கு வேண்டா எனத் துணிந்து, அவர் அதனின்று விலகினார். 1859-இல் தாமே பருத்தி வாணிகம் தொடங்கினார்.

வாணிகக் கணக்கில் நேர்மை தவறாத அவர், நாட்டின் கணக்கையும் ஆராய்ந்தார். இந்தியர் செலுத்திய வரிப்பணம், ஆங்கில அதிகாரிகளின் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் ஆண்டுதோறும் கடல் கடந்து செல்வதையும், அதற்கு ஈடாக எதுவும் திரும்பி வாராமையையும் கண்டார். இந்தியாவின் வறுமைக்கு இதுவே காரணம் என்பதைப் புள்ளிவிவரங்களால் நிறுவி, 1901-இல் பெருநூலாக வெளியிட்டார்.

அக்காலத்தில், பிரிட்டனையும் கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளையும் ஒரே கூட்டாட்சியாகப் பிணைக்க விரும்பியோர், 1884-இல் இலண்டனில் ஒரு சங்கம் நிறுவினர். ஆயினும், இந்தியருக்குச் சம உரிமை தர ஆங்கிலேயர் பலர் உடன்படவில்லை. பேரரசு ஒன்றாயின் உரிமையும் ஒன்றாதல் வேண்டும் என்பதே தாதாபாயின் கொள்கை.

அக்கொள்கையை ஆங்கிலேயர் மன்றத்திலேயே எடுத்துரைக்க விழைந்து, 1886-இல் தேர்தலில் நின்று தோற்றார். பிரதமர் சாலிஸ்பரி பிரபு அவரைக் கறுப்பர் என இழித்துரைத்தார். தாதாபாய் மனம் தளரவில்லை. 1892-இல், விரல்விட்டு எண்ணத்தக்க சில வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்று, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் உறுப்பினரானார்.

ஆங்கிலேயரின் நீதியுணர்வில் அவர் நெடுங்காலம் நம்பிக்கை வைத்திருந்தார்; அந்நம்பிக்கை பலமுறை பொய்த்தது. ஆகவே, 1906-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை வகித்தபோது, குடியேற்ற நாடுகள் பெற்றிருந்ததைப் போன்ற சுயராச்சியமே இந்தியாவுக்கு வேண்டும் என முழங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று.

1917-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அவர் மறைந்தார். தவறான ஊதியத்தைத் தம் வாணிகத்திலும் ஏற்காதவர். ஓர் அரசு பெறுவதையும் பொறாதவர். அந்நேர்மையே அவர்தம் சொல்லுக்கு வலிமை தந்தது.