கழுதையை அக்கிரகாரத்திற்கு அழைத்து வந்தவர்

தமிழ்ப் படங்களைப் பற்றி நம் சங்கத்தில் நாம் மணிக்கணக்காக வாதிடுகிறோம். ஆனால், ஒரு மலையாளி எடுத்த அருமையான தமிழ்ப் படம் ஒன்றை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் விடுதியில் வசிக்கும் வங்காள மாணவர். அவர் கேட்டபோது நான் திருதிருவென்று விழித்தேன். அந்த வெட்கம்தான் ஜான் ஆபிரகாமின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

1937-இல் குட்டநாட்டில் பிறந்தவர் ஜான். பட்டம் பெற்றபின் பெல்லாரியில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் உள்ள உத்தியோகம்! நம் பெற்றோர் நமக்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொள்வது வேறெதற்கு? அதை உதறிவிட்டு அவர் பூனாத் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ரித்விக் கட்டக் ஆசானாக வாய்த்தார். பின்னர் மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’யில் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1972-இல் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ என்ற முதற் படத்தை எடுத்தார்.

1977-இல் வந்தது ‘அக்கிரகாரத்தில் கழுதை’. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதினார். இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் வளர்க்கிறார். கல்லூரியில் கேலி எழவே, அதைத் தம் கிராமத்து அக்கிரகாரத்திற்குக் கொண்டு செல்கிறார். ஊமைப் பெண் ஒருத்தி அதைப் பேணுகிறாள். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதையின் மேல் விழுகிறது. கடைசியில் அதைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு நன்மைகள் நடக்கத் தொடங்கவும், கொன்றவர்களே அதைத் தெய்வமாக்கிக் கோயில் எழுப்ப நினைக்கிறார்கள்! சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ஆயினும் எதிர்ப்புக்கு அஞ்சி இப்படத்தை ஒதுக்கினார்கள். 1989-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்ப முனைந்தபோதும் எதிர்ப்பு எழுந்து நின்றுபோயிற்று. நான் அதைப் பார்க்காமல் வளர்ந்ததில் வியப்பென்ன?

1979-இல் எடுத்த ‘செரியாச்சன்டெ குரூரகிருத்தியங்க’ளில் அடூர் பாசி நாயகர். அவர் கண்முன் குடியானவர்கள் கொல்லப்படுகிறார்கள். அந்தக் குற்ற உணர்வு அவரைத் தின்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த படம் பிறந்த கதை. பணம் போடும் முதலாளியும் வேண்டாம், வட்டிக்காரரும் வேண்டாம் என்று ஜானும் நண்பர்களும் 1984-இல் ‘ஒடேஸா’ என்ற குழுவை அமைத்தார்கள். ஊர் ஊராகச் சென்று, பறையடித்து மக்களைக் கூட்டி, சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, கொடுத்த சில்லறையை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காசில் 1986-இல் உருவானது ‘அம்ம அறியான்’. இறந்துபோன இளைஞன் ஒருவனின் தாய்க்குச் செய்தி சொல்ல நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து நடக்கும் கதை அது. நம் சங்க விழாவுக்குச் சந்தா கேட்டு நான் அறைகளின் கதவைத் தட்டியதுண்டு. பாதிக் கதவுகள் திறக்கவே இல்லை. அதனால்தான் அந்தச் சில்லறையின் கனம் எனக்குத் தெரிகிறது.

ஜானுக்குக் குடிப்பழக்கம் இருந்தது, மறைப்பதற்கில்லை. அதையும் மேதையின் அணிகலனாக்கிப் பேசுவோரை எனக்குப் பிடிக்கவில்லை. 1987 மே மாதத்தில் கோழிக்கோட்டில் நண்பர்களோடு இருந்த ஓர் இரவு, மாடியிலிருந்து விழுந்து மாண்டார். வயது ஐம்பதை எட்டவில்லை. எடுத்து முடித்தவை நான்கே முழுநீளப் படங்கள்.

கழுதைப் படத்தை நம் சங்கத்தில் திரையிட வேண்டுமென்று செயலாளரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர் யாராவது வருத்தப்படுவார்களோ என்று அவர் யோசிக்கிறார். இது மூன்றாவது வாரம்.