ஊனும் நிணமும் உண்டு வாழ்ந்தவர்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், இரத்தோட்டையிலிருந்து என் பழைய மாணாக்கர் ஒருவர் மாத்தளையிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். நாற்பது வயதினர், நீரிழிவு நோய் உடையவர். சோறு, பாண், கோதுமை மா ரொட்டி, பலாக்காய் ஆகிய யாவற்றையும் அறவே விடுத்து, மூன்று திங்களாக இறைச்சியும் முட்டையும் கொழுப்புமே உண்டு வருவதாகக் கூறினார். உடல் இளைத்து உற்சாகமாக இருந்தார். இனி மாத்திரைகளையும் நிறுத்திவிட எண்ணம் என்றார். எனக்கும் அந்நோய் பன்னிரண்டு ஆண்டுகளாக உண்டாதலின், ஐயாவும் இவ்வழியை மேற்கொள்ள வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். மரக்கறி உணவினனாகிய நான் நகைத்துவிட்டேன். அவர் மனந்தளராமல், தம் கொள்கைக்குச் சான்றாக வில்யால்மர் ஸ்டெபான்சன் என்னும் ஒரு பெயரைச் சொல்லிச் சென்றார். அப்பெயருக்குரியவரின் வரலாற்றைத் தேடிக் கற்றேன்.

ஊனுணவு நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. கரிகாலன் அவையில் அல்லும் பகலும் ஊன் தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பல் மழுங்கிய பொருநனை முடத்தாமக்கண்ணியார் காட்டுவார். ஆயின் அஃது அரசன் அளித்த விருந்து. ஸ்டெபான்சனோ பல ஆண்டுகள் அதனையே வாழ்வாகக் கொண்டவர்.

ஐஸ்லாந்திலிருந்து கனடாவில் குடியேறிய எளிய குடும்பத்தில், 1879ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் அவர் பிறந்தார். வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றிற்று; அயோவாப் பல்கலைக்கழகம் 1903இல் பட்டம் வழங்கிற்று. பின்னர் ஹார்வார்டில் சமயக் கல்வி பயிலப் புகுந்து, மானிடவியலுக்கு மாறினார். அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் 1906இல் மக்கென்சி ஆற்றின் முகத்துவாரத்திலேதான் தொடங்கிற்று. அவர் எதிர்பார்த்திருந்த கப்பல் வந்து சேரவில்லை. உணவுப் பொருள் இல்லை; குளிர்காலமோ நெருங்கிற்று. அப்போது இனுயிற் மக்கள் அவரைத் தம் வீட்டில் ஏற்று உணவிட்டார்கள்.

இட்ட உணவு மீன், உப்பில்லாத மீன். இளமை முதலே மீனை வெறுத்தவர் அவர். முதலில் சுட்ட மீனைச் சிறிது கொறித்தார். பின்னர் அவித்ததை உண்டார். குளிர்காலம் முடிவதற்குள் உறைந்த பச்சை மீனையும் சுவைத்து உண்ணக் கற்றார். மீன்தலையே மிகச் சிறந்த பகுதியென்று அம்மக்கள் அதனைக் குழந்தைகளுக்கு ஒதுக்கிவைத்ததைக் கண்டு வியந்தார். மீன்தலைக் குழம்பை அறிந்த நம்மவர்க்கு அதில் வியப்பு இராது. கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் உண்பவன் வயிறு நிறைந்திருந்தும் நோயுற்று மெலிவான் என்பதையும், உயிரைக் காப்பது நிணமே என்பதையும் அவர் அங்கேதான் அறிந்தார். பனிநாட்டில் அவருடன் வாழ்ந்து, விலங்குத் தோலில் உடை தைத்து, வழித்துணையாகவும் இருந்தவள் பன்னிகபுளுக் என்னும் மாது. அவளுக்குப் பிறந்த அலெக்ஸ் என்னும் மகனை அவர் வெளியுலகில் தம் மகனென ஏற்றுக்கொள்ளவேயில்லை. கற்ற வித்தையை உலகெங்கும் எடுத்துரைத்தவர் இதில் மட்டும் வாய்மூடி இருந்தது எனக்கு உவப்பாக இல்லை.

அவர் பேச்சை நகரத்து மருத்துவர் பலர் நம்பவில்லை. குளிர்நாட்டுக்கும் கடும் உழைப்புக்கும் அது பொருந்தலாம், நகரவாசிக்கு ஆகாது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே 1928இல் அவரும், அவருடைய தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும், நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலையில் சோதனைக்குத் தம்மை ஒப்புவித்தனர். செலவை ஏற்றவர்கள் அமெரிக்க இறைச்சி வணிகர் சங்கத்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததுபோலத் தோன்றும். எனினும் சோதித்தவர்கள் பெயர்பெற்ற மருத்துவர்களே. கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் உண்ணுமாறு முதலில் பணித்தபோது, சில நாட்களிலேயே ஸ்டெபான்சனுக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுப்பைச் சேர்த்ததும் அவை நீங்கின. வைத்தியசாலையில் சில வாரங்களும் பின்னர் தத்தம் இல்லங்களிலுமாக இருவரும் ஓராண்டு அவ்வாறே உண்டனர். உணவின் வெப்ப ஆற்றலில் முக்காற்பங்கும் அதற்கு மேலும் கொழுப்பினின்றே வந்தது. இரத்த அழுத்தம் ஏறவில்லை, சிறுநீரகம் கெடவில்லை, ஸ்கர்வி என்னும் நோயும் வரவில்லை. பழமும் கீரையும் உண்ணாதார்க்கு வரும் அந்நோயைத் தடுக்கும் சத்து, மிகுதியாக வேகாத புதிய இறைச்சியில் ஓரளவு உண்டு. முடிவு 1930இல் அச்சாயிற்று. என் மாணாக்கர் அறிந்திருந்த வரலாறு இவ்வளவே.

அதற்கு முன்னர் நிகழ்ந்தது ஒன்றுண்டு. 1913இல் கனடா அரசின் ஆய்வுப் பயணத்துக்கு ஸ்டெபான்சன் தலைமை தாங்கினார். 1917இல் அப்பயணத்தவருள் லோர்ன் நைட் என்னும் இளைஞருக்கு ஸ்கர்வி கண்டது. வேட்டை இறைச்சியை விட்டுத் தகரத்தில் அடைத்த பண்டங்களை உண்டதே காரணம். பச்சை இறைச்சி கொடுத்தார்கள், நோய் அகன்றது. வடதுருவம் நட்புடைய நாடு, வேட்டையாடத் தெரிந்தவன் அங்கே பட்டினி கிடவான் என்ற கருத்தை ஸ்டெபான்சன் 1921இல் நூலாகவும் எழுதினார்.

அவ்வாண்டே, சைபீரியாவுக்கு வடக்கிலுள்ள ராங்கல் தீவில் ஒரு குடியிருப்பை நாட்ட நால்வரை அனுப்பினார், தாம் செல்லவில்லை. அந்நால்வருள் நைட்டும் ஒருவர். தையல் வேலைக்கென அடா பிளாக்ஜாக் என்னும் அலாஸ்காப் பழங்குடிப் பெண்ணும் உடன் சென்றாள். ஏறத்தாழ ஆறு திங்களுக்குரிய பண்டங்களே கொண்டு சென்றனர். எஞ்சியதை வேட்டை தரும் என்பது நம்பிக்கை. 1922இல் துணைக் கப்பல் பனிக்கட்டியைக் கடந்து வர இயலவில்லை. வேட்டையும் அருகிற்று. 1923 ஜனவரியில் மூவர் உதவி தேடிப் பனிமேல் நடந்து சென்றனர். அவர்களைப் பின்னர் எவரும் கண்டிலர். நைட் ஸ்கர்வியால் படுக்கையில் வீழ்ந்தார். அடா தனியளாய்ப் பொறி வைத்துப் பிடித்ததைக் கொண்டு அவரைப் பேணினாள். எந்நோயைப் பச்சை இறைச்சி ஒருமுறை மாற்றியதோ அந்நோயாலேயே, இறைச்சி போதாமல், 1923 ஜூனில் அவர் மாண்டார். அதன்பின் சுடப் பழகிக்கொண்ட அவளை மட்டும் ஆகஸ்டில் கப்பல் மீட்டது.

நெறி பிழையென்று நான் சொல்லேன். ஸ்டெபான்சன் முதுமையிலும் அவ்வுணவுக்கு மீண்டார். 1962 ஆகஸ்ட் 26இல் தம் எண்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். நீரிழிவுக்கு இன்சுலின் வருமுன்னர், 1797இலேயே ஜோன் ரோலோ என்னும் மருத்துவர் ஊனுணவை விதித்திருக்கிறார். மாச்சத்தைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி குறையும் என்பதை இன்றைய மருத்துவரும் ஒப்புவர். ஆயின் பெல்வியூவில் உண்டவர்கள் இருவர். இருவரும் நீரிழிவுடையார் அல்லர். மருத்துவர் கண்காணிப்பிலே இருந்தவர்கள். நைட்டுக்கும் அந்நெறி தெரியும், நன்றாகவே தெரியும்.

மாணாக்கர் மறுபடி வந்தபோது நைட்டின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். உணவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் கிளினிக்குக்குச் சென்று வந்தார். வைத்தியர் அவர் உணவுமுறையைக் கேட்டறிந்து, இரத்தத்தைச் சோதித்து, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தாராம், நிறுத்தவில்லை. அவர் இன்னும் இறைச்சியே உண்கிறார். நான் இராச்சோற்றைப் பாதியாக்கியிருக்கிறேன். குறைந்த இடத்தை என் மனைவி வல்லாரைச் சம்பலால் நிரப்புகிறாள்.