மெய்யை மறையாது வாழ்ந்தவர்

மானிப்பாயில் வேர்கொண்ட குடும்பத்தவரான சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை ஈழத்தமிழர் நன்கறிவர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவருக்கு உற்ற தோழராய் விளங்கிய ஆங்கிலேயரை அறிந்தவர் சிலரே. எட்வேர்ட் கார்ப்பென்டர் என்பது அவர் பெயர். ஆண்மகனையே காதலிக்கும் இயல்புடைய ஆண்மகனாகிய அவர், அவ்வியல்பை மறையாது வாழத் துணிந்த வரலாறு, கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிலும் நாளைய ஆசிரியர்கள் அறியத்தக்கதாகும்.

பிறைட்டனை அடுத்த ஹோவ் நகரிலே, செல்வமும் ஒழுங்கும் நிறைந்த கிறித்தவக் குடும்பமொன்றில் 1844 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். உடன்பிறந்தார் பலர் இருந்தும், உள்ளத்திலிருப்பதை உரைக்க அவ்வீட்டில் அவருக்கு இடமிருக்கவில்லை. கேம்பிரிட்ஜிற் கணிதம் கற்றுத் தேறினார். 1870 இல் ஆங்கிலத் திருச்சபையின் குருவுமானார். நம்பாதவற்றை நாளும் ஓதும் வாழ்வு அவர் உடலையும் நலிவித்தது. 1874 இல் அப்பதவியைத் துறந்து, வடபுல நகரங்களில் எளிய மக்களுக்கு விரிவுரை ஆற்றச் சென்றார்.

கேம்பிரிட்ஜில் அவரோடு நட்புப் பூண்ட அருணாசலம், தாயகம் திரும்பிய பின் பகவத்கீதைப் பிரதியொன்றை அவருக்கு அனுப்பினார். அந்நூல் அவருள்ளே புதுவழி திறந்தது. 1881 இல் தாயும் அடுத்த ஆண்டிலே தந்தையும் மறைந்தனர். பின்னர் மில்தோர்ப் என்னும் சிற்றூரில் நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டார், செருப்புத் தைத்தார், நூல்கள் எழுதினார்.

1890 இல் அவர் இலங்கைக்கு வந்தார். அருணாசலத்தின் குருவாகிய இராமசுவாமி என்னும் தமிழ் ஞானியைக் குருணாகலில் நாள்தோறும் கண்டு உபதேசம் கேட்டார். தாயகம் மீண்ட 1891 ஆம் ஆண்டிலேயே, ஷெபீல்ட் நகரத்து ஏழைத் தொழிலாளியாகிய ஜோர்ஜ் மெரிலைச் சந்தித்தார்.

ஆண்பாலார் இருவரிடை எழும் காதலைக் குற்றமாகவும் நோயாகவும் கருதிய காலம் அது. அது மனிதர் சிலருக்கு இயல்பாய் அமைந்ததே என வாதிட்டுச் சிறு நூலொன்றை எழுதி, 1895 இன் தொடக்கத்தில் நண்பரிடையே வழங்கினார். அவ்வாண்டிலேயே எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் அக்குற்றத்துக்காக ஈராண்டு கடுங்காவல் பெற்றார். கார்ப்பென்டரின் பதிப்பாளரும் அஞ்சி விலகினார். அவரோ விலகினாரல்லர். 1898 முதல் மெரிலோடு ஊரறிய ஒரே இல்லத்தில் வாழ்ந்தார். 1908 இல் அப்பொருள் பற்றி நூலொன்றை வெளிப்படையாகவே வெளியிட்டார்.

அருணாசலத்தின் நட்பு இதனால் முறிந்ததா? இல்லை. சைவ நெறியில் நின்ற அப்பெரியார் 1924 இல் இறக்கும்வரை அது நிலைத்தது. அவர் எழுதிய ஞானக் கடிதங்களை 1927 இல் நூலாக்கியவரும் கார்ப்பென்டரே. மெரில் 1928 இலும், கார்ப்பென்டர் 1929 இலும் மறைந்தனர்.

இங்கிலாந்து அச்சட்டத்தைத் தளர்த்தியது 1967 இலேதான். இலங்கையில் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. அதனை நீக்கக் கொணர்ந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 இல் உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது.

எனினும் சட்டத்தினும் வலியது வீட்டின் மௌனம். கார்ப்பென்டர் தம் உண்மையை உலகுக்கு உரைத்தபோது, அதனைக் கேட்கப் பெற்றோர் உயிரோடில்லை. ஐம்பது வயதை எட்டிய பின்னரே அதனை வாதிடும் நூலை அவர் பிறர்க்கு வழங்க இயன்றது. திருநீறு துலங்கும் இல்லமாயினும், செபமாலை ஒலிக்கும் இல்லமாயினும், நம்மூரில் ஒரு பிள்ளை இத்தகைய சொல்லை நாவிலே அடக்கிக்கொண்டு இன்றும் வாழலாம். அச்சொல்லைக் கேட்கும் நாளில் கதவடையாதிருப்பது பெற்றோர் கடன். பெற்றோர் தவறுமிடத்து, அருணாசலத்தைப் போலத் தோழமை மாறாதிருப்பது ஆசிரியர் கடன்.