விளக்கைவிடக் கணக்கை நம்பிய தாதி

மே 12 வந்தால் எங்கள் வைத்தியசாலைகளில் விளக்கேற்றுவார்கள். வெள்ளைச் சீருடையில் தாதியர் வரிசையாக நிற்பார்கள், உறுதிமொழி வாசிக்கப்படும், புளோரன்ஸ் நைட்டிங்கேலின் படத்துக்கு மாலை விழும். முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை செய்த எனக்கு அந்த விளக்கோடு கோபம் எதுவும் இல்லை. ஆனால் படத்தில் நிற்கும் அந்த மெல்லிய பெண்ணை விட்டால், பேனையும் தாளுமாக இருந்து எத்தனை பேர் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு நைட்டிங்கேல் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சிறு குழுவுடன் முதியோர் இல்லங்களுக்குப் போய்வரத் தொடங்கிய எனக்கு உதவியவர் அவர்தான்.

வடக்கில் இன்று நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பெற்றோர் இல்லத்தில் இருக்கிறார்கள். மாதம் தவறாமல் காசு வருகிறது. வீடியோ அழைப்பில் அம்மாவின் முகம் தெரிகிறது. முதுகு தெரிவதில்லை. படுக்கைப் புண் வருவது முதுகில்தான். முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யவேண்டும் என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு கிழவி தண்ணீர் கேட்டால் யார் எழும்பி வருவார்கள் என்பதைச் சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழ் சொல்லாது. நைட்டிங்கேல் வாழ்நாள் முழுக்கக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

அவர் 1820 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பெயரும் அங்கிருந்தே வந்தது. குடும்பம் இங்கிலாந்தின் பெரிய பணக்காரக் குடும்பம். தாதி வேலை அப்போது குடிகாரிகளின் வேலை என்று பேசப்பட்ட காலம். மகள் அந்த வேலைக்குப் போகப்போகிறேன் என்றதும் வீட்டில் நடந்த அமளியை நம்மூர்த் தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை. வருடக் கணக்காக மறித்தார்கள். அவர் விடிவதற்கு முன் எழுந்து, பொதுச் சுகாதாரம் பற்றிய அரசாங்க அறிக்கைகளை ஒளித்து வைத்துப் படித்தார். காதல் கதை படிக்கும் வயதில் வைத்தியசாலை அறிக்கை படித்த பெண் அவர். 1851 இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார்.

அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பு ஒரு பராமரிப்பு இல்லம் என்பது பலருக்குத் தெரியாது. 1853 ஓகஸ்டில், 33 வயதில், லண்டன் ஹார்லி வீதியில் இருந்த ஒரு நிலையத்துக்கு அவர் மேற்பார்வையாளராகப் போனார். நோயுற்ற, வசதியிழந்த நல்ல குடும்பத்துப் பெண்களுக்கான இடம் அது. வந்தவர்களில் பலர் பணக்கார வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியைகள். நோய் வந்தால் அந்த வீட்டிலும் இடமில்லை, தங்களுக்கென்று ஒரு வீடும் இல்லை. நைட்டிங்கேல் சம்பளம் வாங்கவில்லை. தகப்பன் வருடம் 500 பவுண் கொடுத்தார்.

நிலையத்தை நடத்திய சீமாட்டிகளின் குழுவிடம் அவர் கேட்டவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுதண்ணீர் வரவேண்டும். சமையலறையிலிருந்து சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு தூக்கி வேண்டும். நோயாளி மணியடித்தால் எந்த அறையிலிருந்து அடித்தது என்று தாதிக்கு உடனே தெரியும்படி மணிகளை அமைக்கவேண்டும். பிரார்த்தனை, ஒழுக்கம், சீருடை எல்லாம் பிறகு. படியில் வாளி சுமக்கும் தாதி கட்டிலருகில் இருக்கமாட்டாள் என்ற எளிய உண்மையிலிருந்து அவர் தொடங்கினார். அன்பு குறைந்ததால் மட்டும் கவனிப்புக் கெடுவதில்லை. படிக்கட்டினாலும் கெடும்.

நான் ஒரு இல்லத்துக்குள் போனால் முதலில் பார்ப்பது இதைத்தான். மணி இருக்கிறதா, படுத்தபடி கை எட்டுமா, அடித்தால் எங்கே கேட்கும்? சில இடங்களில் மணி சுவரில் இருக்கும், கட்டில் எதிர்ச்சுவரில் இருக்கும். பார்வையிட வருவோருக்கு மணி இருப்பது தெரியும். கட்டிலில் இருப்பவருக்கு அது எட்டாது.

ஹார்லி வீதியில் அவர் அலுமாரிகளைத் திறந்தார், துணிகளை எண்ணினார், கடைக்காரனின் விலையைப் பார்த்து ஜாமை வீட்டிலேயே காய்ச்ச வைத்தார். குழுவுக்கு ஒழுங்காக அறிக்கை எழுதினார். அங்கிலிக்கன் சபையினரைத்தான் சேர்ப்போம் என்று குழு நின்றபோது, கத்தோலிக்கரையும் யூதரையும் சேர்க்கவேண்டும், அவர்களின் மதகுருமாரையும் உள்ளே விடவேண்டும் என்று மறுத்து நின்று வென்றார்.

அடுத்த வருடமே கிரிமியப் போர். 1854 நவம்பர் 4 ஆம் திகதி 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரியில் இறங்கினார். இந்தக் கதை எல்லோரும் படித்தது, அதனால் சொல்லப்படாத பகுதியை மட்டும் சொல்கிறேன். அவர் வந்த பிறகும் படையினர் சாவது குறையவில்லை. அந்தப் பனிக்காலத்தில் கூடியது. தாதியர் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள், உணவும் உடுப்பும் வந்தன, விளக்கும் வந்தது. ஆனால் கட்டடத்தின் கீழே கழிவு வாய்க்கால்கள் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் வந்த வழியில் மிருகச் சடலம் கிடந்தது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதார ஆணைக்குழு ஒன்று வந்தது. வாய்க்கால்களைக் கழுவினார்கள், சடலங்களை அகற்றினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். பெப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த இறப்பு ஜூனில் 2 ஆக இறங்கியது.

ஊர் திரும்பியபோது நாடே அவரைக் கொண்டாடியது. வேறு யாராக இருந்தாலும் அந்த மாலையோடு நின்றிருப்பார்கள். அவரோ வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிபர நிபுணருடன் உட்கார்ந்து இறந்தவர்களை எண்ணினார். உணவுக் குறைவாலும் களைப்பாலும்தான் படையினர் இறந்தார்கள் என்று அதுவரை அவரும் நினைத்திருந்தார். கணக்கு வேறு சொன்னது. பெரும்பாலானோரைக் கொன்றது காயமல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய். போர்முனைக்கு அருகே இருந்த வைத்தியசாலைகளைவிட அவருடைய ஸ்குட்டாரியில்தான் சாவு அதிகம். கசப்பான அந்தக் கணக்கை அவர் மறைக்கவில்லை. வட்டமாக வெட்டிய நிறப் படங்களாக்கி, 1858 இல் அச்சிட்டு, அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அனுப்பினார். அதே வருடம் லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

அதன் பிறகு பெரும்பாலும் நோய்ப் படுக்கைதான். படுத்தபடியே அவர் பரிசோதகரானார். இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படைமுகாம்களுக்கெல்லாம் கேள்விப் படிவங்கள் அனுப்பினார்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஒரு அறையில் எத்தனை பேர். ஒருநாளும் இந்தியாவுக்குப் போகாமல், அங்கே ஆயிரத்துக்கு 69 படையினர் வருடந்தோறும் சாவதன் காரணத்தை விளக்கினார்.

1859 இல் வைத்தியசாலைகள் பற்றி ஒரு நூலும், அதையொட்டித் தாதியம் பற்றி ஒரு நூலும் வந்தன. இரண்டாவது நூல் வீட்டில் நோயாளியைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது. அதில் சில்லறை நிர்வாகம் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. பொறுப்பில் இருப்பவர் நிற்கும்போது எல்லாம் சரியாக நடப்பதில் பெருமை இல்லை, அவர் இல்லாதபோதும் அதுவே நடக்க ஒழுங்கு செய்வதுதான் பொறுப்பு என்பது அதன் சாரம். உணவு பற்றியும் கடுமையாகச் சொல்கிறார். தட்டுக் கொண்டுபோய் வைக்கப்பட்டதா என்றல்ல, நோயாளி சாப்பிட்டாரா என்று பார்க்கச் சொல்கிறார். படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, கவனிப்பின் குற்றம் என்கிறார். இல்லங்களில் மதியச் சாப்பாடு பரிமாறும்போது நான் போவதில்லை. தட்டுகள் திரும்பிவரும் நேரத்தில் போகிறேன்.

கணக்கும் அவரைச் சறுக்க வைத்ததுண்டு. லண்டனின் 24 வைத்தியசாலைகளில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 90 க்கும் மேல் என்று ஃபார் கணித்த ஓர் அட்டவணையை 1863 இல் வெளியிட்டார். வருடம் முழுவதும் நடந்த சாவுகளை, ஒரு குறிப்பிட்ட நாளில் படுத்திருந்த நோயாளர் தொகையால் வகுத்த கணக்கு அது. வைத்தியர்கள் பிடித்து உலுப்பிவிட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் சாகப்போகிறவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பும் வைத்தியசாலை கணக்கில் நல்லதாகத் தெரியும் என்பதையும் அவரே எச்சரித்திருந்தார். கடைசி நேரத்தில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, எங்கள் இல்லத்தில் ஒருவரும் சாகவில்லை என்று சொல்லும் இடங்களைக் கண்டபோது எனக்கு இது ஞாபகம் வந்தது.

என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய வேலை ஸ்குட்டாரியில் அல்ல, வேர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழை விடுதிகளில் நடந்தது. கதியற்ற முதியோர், தீராத நோயாளர், மனநோயாளர், அநாதைப் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக அடைத்து வைத்த இடங்கள் அவை. நோயாளரைப் பார்த்தவர்களும் அங்கேயே அடைபட்ட வேறு ஏழைகள்தான். 1864 டிசம்பரில் ஹோல்போர்ன் விடுதியில் கிடந்த டிமோதி டேலி என்ற ஏழைத் தொழிலாளி, உடலெல்லாம் படுக்கைப் புண்ணுடன் இறந்துபோனார். பத்திரிகைகளில் செய்தி வந்ததும் நைட்டிங்கேல் பொறுப்பான அமைச்சருக்கு எழுதினார். அனுதாபக் கடிதமல்ல. இப்படி இன்னும் எத்தனை பேர் என்று கேட்கும் கடிதம். ஏழைச் சட்டப் பரிசோதகர் ஃபார்னாலுடன் சேர்ந்து லண்டன் விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரு விசாரணைப் படிவம் தயாரித்தார். நோயாளரைப் பிரித்துப் பராமரிக்கவேண்டும், ஒரே மைய நிர்வாகம் வேண்டும், செலவை நகரம் முழுவதும் பகிரவேண்டும் என்று வாதாடினார். நோயுற்ற ஏழையை ஏழையாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார் என்பதுதான் அதன் உள்ளே இருந்த கோரிக்கை. 1867 இல் வந்த லண்டன் ஏழைச் சட்டம் அவர் கேட்டதில் பாதியைத்தான் கொடுத்தது.

லிவர்பூல் விடுதிக்கு அவர் பயிற்சிபெற்ற தாதியரை அனுப்ப வழிசெய்தார். தலைமை தாங்கிய அக்னஸ் ஜோன்ஸ் ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளரைப் பன்னிரண்டு தாதியருடன் பொறுப்பேற்றார். மூன்று வருடம் முடியுமுன், 1868 இல், டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 35. தாதியரின் பாதுகாப்பும் கவனிப்பின் தரத்தில் சேர்த்தி என்று யாராவது மறந்தால் இந்தப் பெண்ணை நினைக்கட்டும்.

அதே காலத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் அவருடைய நிதியால் நடந்த பிரசவ வாட்டில் தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்தார்கள். வாட்டு மூடப்பட்டது. அவர் அத்தோடு விடாமல் பல இடங்களின் கணக்கைத் திரட்டி, அந்தக் காலத்து பிரசவ நிலையங்களைவிட வீட்டில் பெற்ற தாய்மார் அதிகம் பிழைத்தார்கள் என்று 1871 இல் நூலாகவே எழுதினார். தன் பெயரில் நடந்த இடத்தையும் அதே தராசில் வைத்தார். நிர்வாகக் குழுக்களில் இருக்கும் எங்கள் பெரியவர்களிடம் நான் அதிகம் காணாத குணம் இது.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று நான் சொல்லவில்லை. கிருமிகளால் நோய் தொற்றுகிறது என்பதை நெடுங்காலம் ஏற்காமல் இருந்தார். தாதியருக்கு அரச பதிவு வேண்டும் என்ற இயக்கத்தையும் எதிர்த்தார். தாதியராக நான் அந்த இயக்கத்தின் பக்கம்தான். ஆனால் அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியவில்லை. பரீட்சையும் பதிவேட்டில் ஒரு பெயரும் ஒருவர் இன்றைக்கு நல்ல தாதியா என்பதைக் காட்டாது என்றார். ஒருமுறை பதிந்துவிட்டு யாரும் திரும்பிப் போய்ப் பார்க்காத இல்லங்களுக்கும் அது பொருந்துகிறது.

1901 அளவில் அவருக்குப் பார்வை போயிற்று. பிறகு நினைவும் தளர்ந்தது. மேஃபேயரில் இருந்த வீட்டின் மாடியறையில், மற்றவர்கள் கழுவி, உடுத்தி, ஊட்டிவிடும் முதியவராக அவரே ஆனார். 1907 இல் இங்கிலாந்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஓர்டர் ஒஃப் மெரிட் முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கு, வழங்கப்பட்டது. அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது என்ன நடக்கிறது என்று அவருக்கு முழுதாக விளங்கியிருக்காது.

1910 ஓகஸ்ட் 13 ஆம் திகதி, 90 வயதில், உறக்கத்தில் உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும் குடும்பம் மறுத்துவிட்டது. ஹாம்ஷயரின் ஒரு சிறு கிராமத் தேவாலய வளவில், குடும்பக் கல்லறையில், அவருடைய பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த வருடங்களும் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.